இயலாதோர்க்கு ஈதலும் தகுதி விதிகளும்: தாது வருடம் முதல் இன்று வரை

முன்னுரை

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் துடியலூர். இதனை ஒட்டிய வடமதுரையில் விருந்தீசுவரர் திருக்கோயில் உள்ளது. பசித்து வந்த சுந்தரருக்கு இறைவனும் இறைவியும் வேடர் கோலத்தில் தோன்றி விருந்து படைத்தனர் என்பது அத்தலத்தின் வழக்கு. இறைவன் பெயரே விருந்தோடு இணைந்து வழங்கும் சிறப்பு இவ்வூர்க்கு உண்டு. வந்தவர் பசித்தவர் என்பது ஒன்றே அவ்விருந்துக்குப் போதிய தகுதியாயிற்று. அவருடைய வயது என்ன, மகன் உண்டா, நிலம் எத்தனை செண்டு என்று யாரும் வினவவில்லை.

அரசு ஈயும் உதவி அத்தகையதன்று. அது பொதுப்பணம், எல்லார்க்கும் போதாது, ஆகவே பெறத்தக்கார் இவர், தகாதார் இவர் எனப் பிரித்தாக வேண்டும். அவ்வாறு பிரிக்கும் விதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. உழைத்து உண்ண இயலாதவர் என எவரைக் கொள்வது, அவருக்கு வேறு கதியில்லை என்பதை எவ்வாறு அறிவது என்னும் இரு வினாக்களுக்குக் காலந்தோறும் தரப்பட்ட விடைகளே அவ்வரலாறு. கொங்கு நாட்டைக் களமாகக் கொண்டு அதனை நோக்கின், இன்றைய வட்டாட்சியர் அலுவலகத்தில் முதியவர் ஒருவர் நிரப்பும் விண்ணப்பத்தின் ஒவ்வொரு வினாவுக்கும் பின்னால் நூறாண்டு கடந்த ஓர் ஐயம் ஒளிந்திருப்பது புலனாகும்.

பழந்தமிழ் மரபு

இயலாதோரை வகைப்படுத்தும் முயற்சி தமிழில் மிகப் பழமையானது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரையில் வீடுதோறும் இரந்து பெற்ற சோற்றைத் தான் உண்ணும் முன் பிறரை அழைத்து ஊட்டுகின்றான். அவன் அழைப்பவர் யார் என்பதைச் சாத்தனார் வகுத்துரைக்கின்றார். பார்வையற்றவர், செவிப்புலன் இழந்தவர், கால் முடமானவர், பேணுவார் இல்லாதவர், நோயால் நலிந்தவர் என ஐவகையினர் அங்குச் சுட்டப்படுகின்றனர். இவ்வைந்தனுள் நான்கு உடலின் இயலாமை பற்றியவை. பேணுவார் இன்மை என்பது மட்டும் சுற்றத்தின் இன்மை பற்றியது. உடலும் உறவும் ஆகிய இவ்விரு அளவுகோல்களே இன்றுவரை எல்லா அரசாணைகளிலும் தொடர்கின்றன என்பது கருதத்தக்கது. ஆயின் ஆபுத்திரன் பட்டியல் அழைப்பதற்காக வகுக்கப்பட்டது. பிற்காலப் பட்டியல்கள் விலக்குவதற்காகவும் வகுக்கப்பட்டன. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

கொங்கு நாட்டு ஊர்களில் அறுவடைக் காலத்தில் குடிமக்களுக்குக் களத்து மேட்டிலேயே தானியம் அளந்து கொடுக்கும் மேரை என்னும் வழக்கம் இருந்தது. பண்ணையாளின் குடும்பத்தில் முதியோர் இருப்பின் அவர்க்கும் கஞ்சி கிடைத்தது. இதனைப் பொற்காலமெனப் புகழ்வது பொருந்தாது. அந்தக் கஞ்சி உழைப்போடும் சாதிப்படிநிலையோடும் பிணைக்கப்பட்டிருந்தது. அது உரிமையன்று, தயவு. மழை பொய்த்த ஆண்டில் முதலில் நின்று போவதும் அதுவே.

தாது வருடப் பஞ்சம்

அவ்வாறு நின்றுபோன ஆண்டு தாது. 1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தைக் கொங்கு மக்கள் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்றே குறிப்பர். சென்னை மாகாணத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கோயம்புத்தூரும் ஒன்று. மேட்டுப்பாளையம் வரை இருப்புப்பாதை 1873இலேயே வந்துவிட்டது. தானியத்தைக் கொண்டுவர வழி இருந்தது. வாங்கக் கையில் காசு இல்லை. கம்பும் சோளமும் விலையேறக் கூலி வேலை அற்றுப்போயிற்று.

1877 சனவரியில் அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபுவின் சார்பில் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்திற்கு வந்தார். செலவைச் சுருக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. நிவாரண வேலையில் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் என அவர் விகிதம் வகுத்தார். நாள் முழுதும் மண் வெட்டிக் கல் சுமக்கும் உடலுக்கு இது போதாது என மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். 680 கிராம் தானியமும் காய்கறி, பருப்பு முதலியனவும் வேண்டும் என்பது அவர் வாதம். சில திங்களில் மாகாண அரசு அவர் கருத்தின் பாதி வழி வந்து, தானியத்தை 570 கிராமாக உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தது.

இவ்விவாதம் கூலியளவு பற்றியது மட்டுமன்று. அதன் அடியில் இருந்தது வேலைச் சோதனை என்னும் கோட்பாடு. கடும் உழைப்பும் குறைந்த கூலியும் இருந்தால் உண்மையில் பசித்தவர் மட்டுமே வருவர். ஏமாற்றுவோர் தாமே விலகுவர் என்பது அக்கோட்பாட்டின் சாரம். 1834இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஏழையர் சட்டமும் இதே கருத்தை உட்கொண்டது. உதவி பெறுவோர் நிலை, உழைப்போருள் கடைநிலையில் உள்ளவர் நிலையினும் தாழ்ந்திருக்க வேண்டும் என அது வகுத்தது.

இக்கோட்பாட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. வேலை செய்ய இயலாதவரை வேலையைக் கொண்டு சோதிக்க முடியாது. கூன் விழுந்த கிழவியும் கண்ணிழந்த மனிதனும் மண் சுமக்கும் இடத்திற்கு வரவில்லை என்பது அவர்க்குப் பசியில்லை என்பதற்குச் சான்றாகாது. அவர்கட்கு வேறு சோதனை தேவைப்பட்டது. அச்சோதனையைச் செய்யும் கண்ணாக ஊர் அதிகாரி அமர்த்தப்பட்டார்.

பஞ்ச விதித்தொகுப்பு

பஞ்சத்தின் பின் ரிச்சர்டு ஸ்டிராச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதனடிப்படையில் 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. உழைக்க வல்லோர்க்கு வேலை, வல்லாதார்க்கு இலவச உதவி என அது மக்களை இரண்டாகப் பகுத்தது. இலவச உதவி பெறுவோர் யார் என்பதும் வரையறுக்கப்பட்டது. பார்வையற்றோர், முடமானோர், மனநலம் குன்றியோர், முதுமையாலும் உடல் தளர்ச்சியாலும் ஈட்ட இயலாதோர் ஆகியோர் அதனுள் அடங்கினர். நோயாளியையோ கைக்குழந்தையையோ விட்டு அகல முடியாதவரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். பிறரைப் பேணுவதும் உழைப்பே என்பதை மறைமுகமாக ஏற்ற இக்கூறு அக்காலத்திற்கு மிக முற்போக்கானது. பிற்கால ஓய்வூதிய விதிகளில் இக்கூறு காணாமற்போனது வியப்புக்குரியது.

ஆணையம் அஞ்சிய ஒன்றும் உண்டு. பஞ்ச காலத்தில் உதவி கோர ஏழைக்கு உரிமை உண்டு என ஒப்புக்கொண்டால், எக்காலத்தும் அவ்வுரிமை உண்டு என்னும் எண்ணத்திற்கு அது இட்டுச் செல்லும் என அறிக்கை எச்சரித்தது. ஆதலின் பஞ்சம் அறிவிக்கப்பட்டால் உதவி, பஞ்சம் நீங்கினால் உதவியும் நீங்கும் என்றாயிற்று. மழை பெய்ததும் கிழவியின் கூன் நிமிர்ந்துவிடுவதில்லை. எனினும் அவளைப் பொறுத்தவரை அரசின் கடமை அத்துடன் முடிந்ததாகக் கருதப்பட்டது.

ஆலைத் தொழிலாளியும் காட்டுக் கூலியும்

இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்டது. 70 வயது நிரம்பியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை வழங்கும் அச்சட்டம் 1909 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வருமானம் 31 பவுண்டு 10 ஷில்லிங்கைக் கடந்தவர்க்கு ஓய்வூதியம் இல்லை. உழைக்க வாய்ப்பிருந்தும் வழக்கமாக உழைக்காதிருந்தவர்க்கும் இல்லை. வறுமையோடு ஒழுக்கத்தையும் அளக்கும் விதி அது.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பு, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றுள் பொது உதவி பெறும் உரிமையை ஏற்றது. ஆயின் அரசின் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் என ஓர் அடைமொழியும் அதனுடன் சேர்ந்தது. அது வழிகாட்டு நெறிகளுள் வைக்கப்பட்டதால், நீதிமன்றத்தின் வழி நேரே பெறக்கூடிய உரிமையாக அமையவில்லை.

விடுதலைக்குப்பின் கோவை வட்டாரத்தில் இருவகைப் பாதுகாப்பு அருகருகே வளர்ந்தது. 1888இல் தொடங்கிய பஞ்சாலைத் தொழில் பைக்காரா மின்சாரத்தின் வரவுக்குப்பின் பல்கிப் பெருகியது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்புறுதிச் சட்டம் தமிழகத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1955 சனவரியில் கோவையில்தான். ஆலை இயந்திரத்தில் விரலை இழந்த தொழிலாளியை மருத்துவக் குழு ஆய்ந்து, ஈட்டும் ஆற்றலில் எத்தனை விழுக்காடு குறைந்தது எனக் கணக்கிட்டு உதவித்தொகை அளிக்கும். அவருக்கு மகன் உண்டா என அச்சட்டம் கேட்பதில்லை. சொந்த வீடு உண்டா எனவும் கேட்பதில்லை. அவர் சந்தா செலுத்தியவர். ஆகவே அது அவரது உரிமை.

அதே ஊரில், அதே தெருவில், காட்டுக் கூலிக்குச் சென்று கதிரடிக்கும்போது கையிழந்த பெண்ணுக்கு இவ்வுரிமை இல்லை. அவளும் வாழ்நாளெல்லாம் உழைத்தவளே. அவள் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. முன்னவர் தம் காயத்தை மட்டும் மெய்ப்பித்தால் போதும். பின்னவள் தன் காயத்தையும் வறுமையையும் தனிமையையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும்.

1962 முதல்

அத்தகையோர்க்காகவே முதியோர் ஓய்வூதியத் திட்டம் பிறந்தது. உத்தரப் பிரதேசம் 1957இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்த சென்னை மாநிலம் 1962 ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. பஞ்சம் அறிவிக்கப்படாத காலத்திலும் இயலாதவர்க்குத் திங்கள்தோறும் பணம் அளிப்பது என்னும் கொள்கை அன்று வேரூன்றியது. 1880ஆம் ஆண்டின் ஆணையம் எதை அஞ்சியதோ அதனையே 82 ஆண்டுகளுக்குப் பின் மாநில அரசு துணிந்து ஏற்றது எனலாம்.

அதன்பின் கிளைத்திட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. உடல் ஊனமுற்ற ஆதரவற்றோர்க்கு 1974இலும், ஆதரவற்ற விதவையர்க்கு 1975இலும், ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்க்கு 1981இலும், கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986இலும் ஓய்வூதியங்கள் அறிமுகமாயின. 50 வயது கடந்த மணமாகாத ஏழைப் பெண்களுக்கு 2008இல் வழிசெய்யப்பட்டது. இப்பெயர்களுள் பலவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொல் ஆதரவற்ற என்பது. அச்சொல்லே இத்திட்டங்களின் திறவுகோலும் பூட்டுமாகும்.

நடுவண் அரசு 1995 ஆகஸ்டு 15 முதல் தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கி, 65 வயது நிரம்பிய ஆதரவற்றோர்க்கு 75 ரூபாய் அளித்தது. 2007இல் ஆதரவற்றோர் என்னும் சொல்லை நீக்கி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தினர் என மாற்றியது. 2011இல் வயது 60 எனக் குறைக்கப்பட்டது. 80 வயது கடந்தோர்க்கு 500 ரூபாய் எனவும் வகுக்கப்பட்டது. ஏனையோர்க்கான 200 ரூபாய் பல்லாண்டுகள் மாறவேயில்லை. தமிழக அரசு தன் பங்கைச் சேர்த்து 2011இல் 500 ரூபாயை 1,000 ரூபாயாக்கியது. 2023இல் அது 1,200 ரூபாயாயிற்று. மாற்றுத்திறனாளிகளுக்கு அவ்வாண்டு 1,500 ரூபாய் என உயர்ந்தது.

உறவு, உடைமை, உடல்

இத்திட்டங்களின் தகுதி விதிகள் மூன்று தூண்கள் மேல் நிற்கின்றன. முதலாவது உறவு. பேணும் கடப்பாடுடைய வளர்ந்த மகன் இருப்பின் பெற்றோர் ஆதரவற்றவர் ஆகார் என்பது நெடுங்கால விதி. குடும்பமே முதற் காப்பு, அரசு இறுதிக் காப்பு என்னும் கருத்து இதன் அடிப்படை. கருத்தளவில் இது தவறன்று. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பெற்றோரைப் பேணும் கடமையை மக்கள் மேல் சுமத்தின.

ஆயின் கடமை உண்டு என்பதும் அக்கடமை நிறைவேறுகிறது என்பதும் ஒன்றல்ல. விசைத்தறிக் கூடத்திலோ வார்ப்படச் சாலையிலோ நாட்கூலி பெற்று மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் மகன், தாய்க்கு அளிக்க மனமிருந்தும் கையில் இல்லாதவனாக இருக்கலாம். அவனது இருப்பே அவளது ஓய்வூதியத்திற்குத் தடையாகிவிடும். அவ்விடத்தில் தாயின் முன் இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, ஓய்வூதியத்தை இழத்தல். மற்றொன்று, என் மகன் என்னைக் கைவிட்டான் என அதிகாரியின் முன் சொல்லுதல். பத்துமாதம் சுமந்தவள் வாயால் அச்சொல்லை வரவழைக்கும் விதி, பணத்தைச் சேமிக்கலாம். அதற்கு அவள் தரும் விலையை எந்தக் கணக்கும் காட்டாது. கைவிடப்பட்ட மனைவியர் ஐந்தாண்டு கைவிடப்பட்டிருத்தல் வேண்டும், அன்றேல் சட்டப்படி பிரிந்தமைக்குச் சான்று வேண்டும் என்னும் விதியும் இத்தகையதே. முதல் நான்கு ஆண்டுகளில் அவள் உண்பதற்கு யாது செய்வாள் என்னும் வினாவுக்கு அவ்விதியில் விடையில்லை.

இரண்டாவது உடைமை. அசையாச் சொத்தின் மதிப்புக்கு வரம்பு உண்டு. 5,000 ரூபாயாக இருந்த அவ்வரம்பு பின்னர் 50,000 எனவும் அதன்பின் 1 லட்சம் எனவும் உயர்த்தப்பட்டது. இவ்வளவுகோல் துடியலூர் போன்ற ஊர்களில் எத்தகைய விளைவைத் தரும் என எண்ணிப் பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் மானாவாரிக் காடுகளும் தோட்டங்களும் சூழ்ந்திருந்த பேரூர் இது. 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. சோளம் விளைந்த காடு மனைப்பிரிவாயிற்று. அவ்விடத்தில் மூன்று செண்டு நிலத்தில் ஓட்டு வீடொன்றில் வாழும் மூதாட்டிக்கு வருமானம் ஒரு காசும் கூடவில்லை. நிலத்தின் வழிகாட்டி மதிப்பு மட்டும் கூடியது. விற்றால் தெருவில் நிற்க வேண்டும். விற்காவிட்டால் செல்வர் எனக் கொள்ளப்படுவார். வீட்டின் மதிப்பைக் கொண்டு அடுப்பு எரிவதில்லை என்பதை விதி உணர்வதில்லை.

மூன்றாவது உடல். இயலாமையை விழுக்காட்டால் அளப்பது ஆலை இழப்பீட்டுச் சட்டங்களிலிருந்து வந்த முறை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 40 விழுக்காட்டை எல்லையாக வைத்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம் 21 வகை குறைபாடுகளை ஏற்று அதே எல்லையைத் தொடர்ந்தது. ஆனால் நடுவண் அரசின் ஓய்வூதியத்திற்கு வேண்டுவது 80 விழுக்காடு. மாநில விதியில் 60 ஆக இருந்த எல்லை பின்னர் 40 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரே மனிதர், ஒரே உடல். ஒரு சட்டத்தின் கண்ணில் மாற்றுத்திறனாளி, மற்றொரு திட்டத்தின் கண்ணில் அல்லர். மேலும், ஒரு காலை இழந்த எழுத்தருக்கும் ஒரு காலை இழந்த களையெடுக்கும் பெண்ணுக்கும் விழுக்காடு ஒன்றே, இழப்பு ஒன்றன்று.

விசாரணையின் முறை

விதி எழுத்தில் உள்ளது; அதனை உயிர்ப்பிப்பவர் ஊர் அதிகாரி. பஞ்ச காலத்தில் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் யார் இயலாதவர் எனச் சுட்டினர். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்திற்கு வந்தார். அவரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்க, தனி வட்டாட்சியர் ஆணையிடுகின்றார். ஊராரின் சாதிப் பெருந்தனக்காரர் சொல்லே சான்றாகும் நிலை குறைந்தது. இது பெரிய முன்னேற்றமே. அதற்கு மாற்றாகச் சான்றிதழ்களின் சுமை கூடியது. பிறந்த நாளே எழுதப்படாத தலைமுறையினரிடம் வயதுச் சான்று கேட்கப்பட்டது. அஞ்சற்காரர் கையில் வந்த பணவிடை பின்னர் வங்கி வழிக்கு மாறியபோது, தேய்ந்த விரல்களின் ரேகை இயந்திரத்தில் பதியாத இடர்ப்பாடும் சேர்ந்தது. களையெடுத்துத் தேய்ந்த விரலே அவள் உழைத்தவள் என்பதற்குச் சான்று; அச்சான்றே அவளுக்குத் தடையாயிற்று.

தகுதியற்றவர் பட்டியலில் நுழைதல் ஒருவகைப் பிழை. தகுதியுள்ளவர் விடுபடுதல் மற்றொரு வகைப் பிழை. முன்னதைத் தணிக்கை கண்டுபிடிக்கும். பின்னது எந்தத் தணிக்கையிலும் வாராது. விடுபட்டவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாமையே காரணம். தமிழக நிதித்துறைச் செயலராகவும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வறிஞராகவும் இருந்த எஸ். குகன், அமைப்புசாரா ஏழையர்க்குக் குறைந்த அளவுச் சமூகப் பாதுகாப்பு நாடு முழுதும் வேண்டும் என இறுதிவரை எழுதிவந்தார். ஏழை நாட்டால் அது இயலாது என்னும் கூற்றை அவர் ஏற்கவில்லை.

மக்கள் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பர் 28இல் பிறப்பித்த ஆணை இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. தேசிய முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட திட்டங்களின் பயன் சட்டப்படியான உரிமையாயிற்று. திங்கள்தோறும் 7ஆம் நாளுக்குள் பணம் சேர வேண்டும் எனவும் பணிக்கப்பட்டது. தயவாக இருந்தது உரிமையாக மாறிய இடம் அது. 2016ஆம் ஆண்டின் சட்டமும், சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகள் பெறும் தொகை ஏனையோர் பெறுவதினும் குறைந்தது 25 விழுக்காடு மிகுதியாக இருக்க வேண்டும் என வலியுறுத்தியது. இயலாமைக்கெனத் தனிச் செலவு உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

முடிவுரை

தாது வருடத்திலிருந்து நோக்கும்போது கடந்து வந்த தொலைவு சிறிதன்று. 450 கிராம் தானியத்திற்காகக் கல் சுமந்த நிலை மாறி, பஞ்சமில்லாக் காலத்திலும் முதியவர் பெயரில் பணம் வருகிறது. தம் பெயரில் வரும் அத்தொகையால் மருமகளிடம் கையேந்தாமல் வெற்றிலை வாங்கவும் பேரனுக்கு மிட்டாய் வாங்கவும் முடிகிறது. வீட்டில் அவருக்கு ஒரு மதிப்பும் பிறக்கிறது. பேணுவார் இல்லாதவர்க்கு மட்டுமென வகுக்கப்பட்ட பணம், கிடைத்த இடங்களில் பேணும் மனத்தையும் வளர்க்கக் காணலாம். உதவி கிடைத்தால் மகன் கைவிடுவான் என்னும் பழைய அச்சத்திற்கு இதுவே தக்க மறுமொழி.

மாறாது நிற்பது ஐயம் ஒன்றே. ஏமாற்றுவோர் நுழைந்துவிடுவரோ என்னும் டெம்பிள் காலத்து ஐயம், வேலைச் சோதனையிலிருந்து சான்றிதழ்ச் சோதனையாக உருமாறி வாழ்கிறது. பொதுப்பணத்தைக் காப்பது கடமையே. ஆயின் ஒருவர் தவறிப் பெறுவதால் அரசு இழப்பது திங்களுக்கு 1,200 ரூபாய்; ஒருவர் தவறி விடுபடுவதால் அவர் இழப்பது அம்மாதத்து அரிசி. விதி வகுப்போர் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது.

வடமதுரையில் விருந்திட்ட இறைவனைப்போல் யாதும் வினவாது ஈதல் அரசுக்கு இயலாதிருக்கலாம். வினவும் வினாக்களைக் குறைக்கலாம். மகன் உண்டா என்பதற்கு மாறாக, மகன் தருகின்றானா என வினவலாம். நிலத்தின் விலை என்ன என்பதற்கு மாறாக, நேற்று என்ன உண்டாய் என வினவலாம். அவ்வினாவுக்கு விடை கூற எந்தத் தாயும் தன் மகனைக் கைவிட்டவன் என்று சொல்ல வேண்டியிராது.